கூத்துப் படம் எடுக்க: பாடியை மாத்தறதா, லென்ஸ் வாங்கறதா?

அரிதாரம்

வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், முதல் தடவையா இழை தொடங்கறேன்.

ஊர் செய்யாறு பக்கம். கேனான் 1500டி டிஎஸ்எல்ஆர் கேமரா வெச்சிருக்கேன். 2019-ல ரெண்டு லென்ஸோட வாங்கினது, 18-55, 55-250. பகல்ல அதுமேல எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரச்சினையே ராத்திரிதான். பங்குனி பொறந்தா சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் மகாபாரதக் கதையை ஆடற பாரதக் கூத்து ஆரம்பிச்சிடும். விடிய விடிய தரையில உக்காந்து எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா ஆட்டக்காரர் கை கால் எல்லாம் பஞ்சு மாதிரி கலைஞ்சு கிடக்கு. பின்னாடி இருக்கிற இருட்டு முழுக்க மணல் தூவின மாதிரி நாய்ஸ்.

கையில 60,000 ரூபாய் சேர்ந்திருக்கு. கடையில கேட்டேன், "இது பழைய மாடல் சார், கேனான்லயே மிரர்லெஸ் ஆர்50 எடுத்துக்கங்க, 18-45 லென்ஸோட வருது"ன்னு சொல்றாங்க. இன்னொரு நண்பர் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, தொடாதே, லென்ஸ் வாங்குன்றார். பழைய பாடிக்குப் புது லென்ஸ் வாங்கினா, ஒழுகற வீட்டுக்குத் தேக்குக் கதவு போட்ட கதையாயிடுமோன்னு பயம்.

---

நட்டநடுப்புள்ளி

படத்தோட விவரம் எதுவும் சொல்லலையே. சரியில்லாத ஒரு படத்தை எடுத்து ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு), அப்பெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு திறந்துச்சு, எஃப் எண் குறைஞ்சா திறப்பு பெருசு), ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற அளவு), எந்த எம்எம், என்ன மோடு, எல்லாம் பார்த்துச் சொல்லுங்க. அது தெரியாம என்ன வாங்கச் சொல்றது?

---

அரிதாரம்

ஏவி மோடு, அப்பெர்ச்சரை நான் வெப்பேன், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கும். 55 எம்எம், எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400. கிட்டத்தட்ட எல்லாப் படமும் இதே கதைதான். அர்ச்சுனன் தபசுல எடுத்த படம் ஒண்ணு இணைச்சிருக்கேன்.

---

நட்டநடுப்புள்ளி

அப்ப கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்.

ஆடறவரை நிறுத்திப் பிடிக்க 1/250 வேணும். இப்ப இருக்கிறது 1/60. அதாவது நாலு மடங்கு வெளிச்சம் பத்தலை. ஐஎஸ்ஓ ஏற்கெனவே 6400-ல முட்டி நிக்குது.

ஆர்50 வாங்கினா என்ன ஆகும்? சென்சார் அளவு ரெண்டு கேமராவிலயும் ஒண்ணுதான். புதுசு கொஞ்சம் சுத்தமா இருக்கும், மறுக்கலை. ஆனா கூட வர்ற 18-45 லென்ஸ் 45 எம்எம் கடைசியில எஃப் 6.3. கேமராவோட வந்த உங்க கிட் லென்ஸைவிட ஒரு மூணுல ஒரு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி) இருட்டு! காசு கொடுத்து இருட்டை வாங்கின கதை.

50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை எடுங்க. பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்துல வரும். எஃப் 5.6-ல இருந்து எஃப் 1.8-க்கு வந்தா வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. மழையில சொம்பை வெச்சுத் தண்ணி பிடிக்கிறதுக்கும் அண்டாவை வெச்சுப் பிடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். முழுக்கத் திறக்காம எஃப் 2-ல வெச்சாலே எட்டு மடங்கு. அதுல நாலை ஷட்டருக்குக் கொடுத்தா 1/250 வந்துடும், மீதி ரெண்டை ஐஎஸ்ஓ-வுக்குக் கொடுத்தா 3200-க்கு இறங்கிடும்.

இழை முடிஞ்சது 🙂

---

கல்யாணக்கேமரா

அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீங்க அண்ணே. பன்னெண்டு வருசமா கல்யாண வேலை பண்றேன். எஃப் 1.8 லென்ஸை வெச்சுக்கிட்டு 1500டி-யில இருட்டுல ஃபோகஸ் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? ஒம்போது ஃபோகஸ் புள்ளி, அதுல நடுப்புள்ளி ஒண்ணுதான் நெடுக்கும் குறுக்கும் பார்க்கிற கிராஸ் டைப். ஆட்டக்காரர் ஓரத்துக்குப் போனார்னா லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கிட்டே இருக்கும்.

நான் டிஎஸ்எல்ஆரை விட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போனது படம் தெளிவா இருக்கும்னு இல்லை, கண்ணைத் தானே பிடிச்சுக்கும்னுதான். தாலி கட்டற நேரத்துல ஃபோகஸ் தப்பினா மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

---

நட்டநடுப்புள்ளி

லென்ஸ் பெருசா திறந்தா ஃபோகஸ் சென்சாருக்கும் வெளிச்சம் கூடுமில்ல? ஓடறதும் குறையணுமே.

---

கல்யாணக்கேமரா

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். டிஎஸ்எல்ஆர்ல கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ஃபோகஸ் சென்சார் எஃப் 5.6 அளவு கூம்புல வர்ற வெளிச்சத்தை மட்டும்தான் பார்க்கும். லென்ஸ் அதுக்கு மேல எவ்வளவு திறந்தாலும் அந்தப் புள்ளிக்குப் பிரயோசனம் இல்லை. சில பாடியில நடுப்புள்ளி மட்டும் எஃப் 2.8-க்குன்னு தனியா செஞ்சிருப்பாங்க. 1500டி-யில அது கிடையாது.

இன்னொண்ணு. எஃப் 2-ல மூணு மீட்டர்ல இருக்கிற ஆளை எடுத்தா, ஃபோகஸ்ல நிக்கிறது மொத்தமா ஒரு முழத்துக்கும் குறைவு. எஃப் 5.6-ல மன்னிச்சு விடற தப்பு எஃப் 2-ல பல்லை இளிக்கும்.

---

இருட்டறை

எல்லாம் சரியான பேச்சுதான். நடுவில் ஒரு கிழவனின் குறுக்கீடு.

1980-களில் கூத்துப் படம் எடுத்திருக்கிறேன். 400 வேக டிரை-எக்ஸ் ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறப்போடுவோம். லென்ஸ் அதே 50 எம்எம் எஃப் 1.8தான். "பாடி எதுவானால் என்ன, லென்ஸில் காசு போடு" என்பது அன்றைக்கு எங்கள் வேதவாக்கு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்றைய பாடி வெறும் இருட்டுப் பெட்டி. படம் விழுவது ஃபிலிமில். இருபதாயிரம் ரூபாய்ப் பாடியிலும் இரண்டாயிரம் ரூபாய்ப் பாடியிலும் ஒரே ஃபிலிம்தான் ஓடியது. இன்றைக்குப் பாடியை மாற்றினால் ஃபிலிமையும் சேர்த்து மாற்றுகிறீர்கள். ஆகவே அந்தப் பழைய வாக்கை இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தம்பி அரிதாரம், நீங்கள் இணைத்த படத்தை நன்றாகப் பார்த்தேன். யாரும் சொல்லாத ஒன்று. அர்ச்சுனன் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. நெற்றியில் நாமம் எங்கே? மார்புப் பதக்கத்தில் கண்ணாடி எங்கே? எல்லாம் வெள்ளைத் திட்டு. அதாவது படத்துக்கு வெளிச்சம் அதிகமாகிவிட்டது. இருட்டில் எடுத்த படத்தில் வெளிச்சம் அதிகம்!

உங்கள் சட்டத்தில் முக்கால்வாசி கறுப்பு. கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்து, 'காட்சி இருட்டாக இருக்கிறது' என்று நினைத்து, கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. அதற்காகத்தான் ஷட்டரை 1/60-க்கு இழுத்திருக்கிறது. ஆட்டக்காரர் மேல் விழும் வெளிச்சத்துக்கு 1/125 போதும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-இல் வையுங்கள். அல்லது எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடுக்கு வாருங்கள். களத்தில் விளக்கு ராத்திரி முழுதும் மாறப்போவதில்லையே, ஒருமுறை முகத்துக்குச் சரிபார்த்து வைத்துவிட்டால் விடியும்வரை தொடவேண்டாம்.

இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை.

---

நட்டநடுப்புள்ளி

அடடா. நான் எண்ணை மட்டும் பார்த்தேன், படத்தைப் பார்க்கலை. ஐயா சொல்றதையும் சேர்த்தா எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 1600. 6400 எங்கே, 1600 எங்கே.

---

காகிதப்புலி

எதுக்கு இவ்வளவு கஷ்டம், ஃபிளாஷ் போட்டு எடுக்க வேண்டியதுதானே?

---

அரிதாரம்

அது மட்டும் முடியாதுங்க. கிரீடத்துலயும் புஜக்கட்டையிலயும் ஒட்டியிருக்கிற கண்ணாடித் துண்டெல்லாம் ஃபிளாஷ்ல எதிரொளிச்சு படம் பூரா புள்ளி புள்ளியா ஆயிடும். அதைவிட, பத்தடி தள்ளி ஆடறவர் கண்ணுல ராத்திரி முழுக்க ஃபிளாஷ் அடிக்க மனசு வரலை. ஒரு தடவை அடிச்சேன். கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்திட்டு, "மேகமே இல்லை, மின்னல் மட்டும் எங்கேர்ந்து வருது?"ன்னு என்னைக் காட்டிக் கேட்டார். கூட்டமே சிரிச்சுது.

ஐயா, வெளுத்த விசயம் எனக்கு உறைக்கவே இல்லை. அரிதாரமே வெள்ளைன்னு நினைச்சிட்டேன்.

---

மீன்பாடும்_தேன்

நான் மட்டக்களப்பு. எங்கட வடமோடிக் கூத்து வட்டக்களரியில ஆடுறது, சனம் சுத்திவர இருக்கும். எங்க நிண்டாலும் முன்னுக்கு ஒரு தலை, பின்னுக்கு ஒரு பல்பு.

என்ர கமரா நிக்கோன் டி3400. இப்பிடித்தான் "லென்ஸ்தான் முக்கியம்" எண்டு ஆக்கள் சொல்ல, பழசு ஒண்டு, 50 எம்எம் 1.8டி, மலிவா வாங்கிப் போட்டன். ஓட்டோ ஃபோகஸ் வேலை செய்யல்ல. பழுதாக்கும் எண்டு திருப்பிக் கொண்டு போனா, லென்ஸில பிழை இல்லையாம். அந்த வகை லென்ஸுக்கு மோட்டர் கமராவுக்குள்ள இருக்க வேணும். டி3400-ல அது இல்ல, டி7200-ல இருக்கு. பிறகு 35 எம்எம் 1.8ஜி எடுத்தன். இண்டைக்கும் அதுதான் பாவிக்கிறன்.

கேனான் ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல எண்டு நினைக்கிறன். வேற பிராண்டுக்காரர் வாசிச்சா, லென்ஸ் வாங்க முதல் உங்கட பொடி அதை ஓட்டுமா எண்டு பாருங்க.

---

நட்டநடுப்புள்ளி

ஆமா, கேனான் 1987-ல ஈஎஃப் மவுன்ட் (லென்ஸ் மாட்டற அமைப்பு) கொண்டுவந்தப்பவே மோட்டாரை லென்ஸுக்குள்ள வெச்சிட்டாங்க. அரிதாரத்துக்கு இதுல இன்னொரு லாபம். இப்ப வாங்கற ஈஎஃப் லென்ஸ், நாளைக்கு ஆர்50 மாதிரி மிரர்லெஸ் ஆர் வரிசைக்குப் போனாலும் அடாப்டர் போட்டு ஓடும். அந்த அடாப்டருக்குள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். தரம் குறையாது. ஆனா அந்த வரிசையோட ஆர்எஃப் லென்ஸ் 1500டி-யில ஏறவே ஏறாது, ஒருவழிப் பாதை. ஒழுகற வீட்டுத் தேக்குக் கதவுன்னீங்க, இந்தக் கதவைக் கழட்டிப் புது வீட்டுல மாட்டிக்கலாம்.

---

பழையபெட்டி

யாரும் பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் பேரையே எடுக்கலை? செகண்ட் ஹேண்ட்ல கேனான் 6டி பாருங்க. 2012 மாடல்னாலும் இருட்டுல நடுப்புள்ளி மைனஸ் 3 இவி (எண் குறையக் குறைய இருட்டு) வரைக்கும் பிடிக்கும். 1500டி பூஜ்யத்தோட நின்னுடும். சென்சார் பரப்பு ரெண்டரை மடங்கு.

---

கல்யாணக்கேமரா

6டி நல்ல கேமராதான், நானே வெச்சிருந்தேன். ஆனா அவரோட 18-55, 55-250 ரெண்டும் சின்ன சென்சாருக்குன்னு செஞ்ச ஈஎஃப்-எஸ். 6டி-யில மாட்டவே மாட்டாது. பாடி வாங்கின அன்னிக்கே லென்ஸ் இல்லாம நிப்பார். ரெண்டரை மடங்குன்னா ஒண்ணே கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். 50 எம்எம் கொடுக்கிறது மூணு ஸ்டாப்புக்கு மேல. காசைப் போடற வரிசை எதுன்னு இதுலேயே தெரியுது. சரி, ஒத்துக்கறேன், முதல்ல லென்ஸ்தான். ஆனா ஃபோகஸ் பத்தி நான் சொன்னதை ஒருநாள் நினைப்பீங்க.

அரிதாரம், வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. அடுத்த கூத்துல 18-55-ஐ 50-ல வெச்சு ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிடுங்க. ஒரு ராத்திரி பூரா அதுலயே எடுங்க. கை அரிக்கும், முன்னாடி பின்னாடி நகரணும். அது சரிப்பட்டா வாங்குங்க.

---

அரிதாரம்

*(ஒன்பது நாள் கழித்து)*

டேப் ஒட்டிப் பார்த்தேன். நாலு மீட்டர் தள்ளி உக்காந்தா இடுப்புக்கு மேல அழகா வருது. கிரீடத்துல இருந்து சலங்கை வரைக்கும் வேணும்னா கேமராவை நட்டுக்குத்தலா பிடிச்சு, ஆறு மீட்டர் பின்னாடி போகணும். அங்க எனக்கு முன்னாடி மூணு வரிசை ஜனம்.

அப்புறம் பழைய கூத்துப் படம் மொத்தத்தையும் டிஜிகேம்ங்கிற சாஃப்ட்வேர்ல போட்டு எந்த எம்எம்-ல எவ்வளவு எடுத்திருக்கேன்னு எண்ணினேன். பாதிக்கு மேல 45-க்கும் 55-க்கும் நடுவுல. அடுத்த பெரிய கூட்டம் 24 பக்கத்துல, திரை பிடிச்சு வேஷம் வெளிய வர்ற நேரம், பின்பாட்டுக்காரங்களோட சேர்த்து எடுத்தது. 35 அளவுல அனேகமா ஒண்ணுமே இல்லை. இத்தனை வருசம் எடுத்தும் இது எனக்கே தெரியாது.

தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர் ஒருத்தர் 50 எம்எம்-ஐ ஒரு ராத்திரிக்குக் கொடுத்தார். எம் மோடு, எஃப் 2, 1/250, ஐஎஸ்ஓ 1600. ஐயா, நாமம் தெரியுது! பதக்கத்துல கண்ணாடி ஒவ்வொண்ணும் எண்ணலாம். கை விரல் நிக்குது.

ஆனா ரெண்டு குறை. ஒண்ணு, கல்யாணக்கேமரா சொன்னது. பத்துக்கு மூணு ஃபோகஸ் தப்பு. ரெண்டாவது புரியவே இல்லை. அடுத்தடுத்து எடுத்த படம், அதே செட்டிங், ஒண்ணு வெளிச்சமா இருக்கு, ஒண்ணு மங்கலா மஞ்சளா இருக்கு. சிலதுல குறுக்கே ஒரு பட்டை வேற. லென்ஸ் கெட்டுப்போச்சா? அடுத்தவர் பொருள், அதான் பயமா இருக்கு.

---

நட்டநடுப்புள்ளி

பயப்படாதீங்க, லென்ஸுக்கு ஒண்ணுமில்லை. அது விளக்கு பண்ற வேலை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவு எல்இடி ஃபோகஸ் லைட்டும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். 1/60-ல எடுத்தப்ப ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு மேலயே ஷட்டர் திறந்திருந்துச்சு, அதனால தெரியலை. 1/250-ல அதுல பாதிகூட இல்லை. சில படம் ஏற்றத்துல மாட்டும், சில படம் இறக்கத்துல மாட்டும். உங்க பாடியில 1/200-க்கு மேல போனா ஷட்டர் ஒரு பிளவா நகர்ந்து போகும், அதான் பட்டை.

கேனான் 80டி, 90டி மாதிரி பாடியில இதுக்குன்னே ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பு) தடுப்பு உண்டு. விளக்கு உச்சத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். உங்களுதுல இல்லை. ஆட்டம் நிதானமா போற இடத்துல 1/100 வையுங்க, முழுசா ஒரு சுற்று உள்ளே வந்துடும். சுழன்று ஆடற இடத்துல 1/200-ல மூணு மூணா தட்டுங்க, ஒண்ணாவது உருப்படியா வரும்.

---

கல்யாணக்கேமரா

ஃபோகஸுக்கு வரேன். தப்பின படத்துல எது தெளிவா இருக்கு? ஆட்டக்காரருக்கு முன்னாடியா, பின்னாடியா, இல்ல கண்டபடியா?

---

அரிதாரம்

இப்பதான் பார்த்தேன். முக்கால்வாசி படத்துல முன்னாடி நீட்டின கை தெளிவா இருக்கு, முகம் இல்லை.

---

கல்யாணக்கேமரா

அப்ப ரெண்டுல ஒண்ணு. புள்ளி கையில விழுந்திருக்கலாம். இல்லைன்னா அந்த பாடியும் அந்த லென்ஸும் சேரும்போது ஃபோகஸ் கொஞ்சம் முன்னாடி விழுது. வீட்டுல டிரைபாட் போட்டு, சுவத்துல தொங்கற காலண்டரை வ்யூஃபைண்டர்ல ஒண்ணு, பின்பக்கத் திரையில பார்க்கிற லைவ் வ்யூ-ல ஒண்ணு எடுத்து ஒப்பிடுங்க. லைவ் வ்யூ மட்டும் தெளிவா இருந்தா பாடி-லென்ஸ் பொருத்தம்தான் பிரச்சினை. 80டி-யில அதை மெனுவிலேயே திருத்திக்கலாம். 1500டி-யில அந்த வசதி கிடையாது, சர்வீஸுக்குத்தான் கொடுக்கணும். இதுக்காகத்தான் பாடி பாடின்னு கத்தினேன்.

---

அரிதாரம்

காலண்டர் ரெண்டுலயும் தெளிவு. ஆக கை மேல புள்ளி விழுந்ததுதான். நடுப்புள்ளியை மட்டும் வெச்சு, கண்ணுல பூட்டி, அப்புறம் சட்டத்தை நகர்த்திப் பழகறேன்.

---

இருட்டறை

நகர்த்தும்போது ஆட்டக்காரர் அங்கேயே நிற்கமாட்டார், அதுதான் சிக்கல். முகத்தை நடுவிலேயே வைத்து எடுத்துவிட்டு, வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் இருக்கிறதே, எதற்கு?

---

பழையபெட்டி

24 எம்எம் எஃப் 2.8 ஈஎஃப்-எஸ் தட்டை லென்ஸ் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா விடாதீங்க. வாங்கும்போது பின்பக்கத்துல இருந்து செல்போன் டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாருங்க. சிலந்தி நூல் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. கடலோர ஊர்க்காரங்க லென்ஸ்னா ரெண்டு தடவை பாருங்க. தூத்துக்குடியில நான் பீரோவுல துணியோட துணியா வெச்ச ஒரு லென்ஸ் ஒரே மழைக்காலத்துல போயே போச்சு.

---

அரிதாரம்

*(மூன்று வாரம் கழித்து)*

கணக்கை ஒப்படைச்சிடறேன். 50 எம்எம் புதுசா வாங்கியாச்சு. 24 எம்எம் பழசு ஒண்ணு, டார்ச் அடிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன். மீதிப் பணத்துல பாதி வீட்டுக்கு கிரைண்டரா மாறிடுச்சு, அதுல எனக்கு ஓட்டுரிமை இல்லை. பாக்கியை அப்படியே வெச்சிருக்கேன். இந்த சீசன் முடிஞ்சதும் நல்ல 80டி ஏதாவது கண்ணுல பட்டா கேட்கலாம்னு இருக்கேன். ஃப்ளிக்கருக்காகவும், நாப்பத்தஞ்சு புள்ளிக்காகவும். அந்தக் கடைக்காரர் சொன்ன ஆர்50-ஐ மறந்துட்டேன்.

கர்ணன் வேஷக்காரர் ஒரு படம் கேட்டார். பன்னெண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "புஜக்கட்டையில ஒரு கண்ணாடி விழுந்திருக்கே, இத்தனை நாளா நான் கவனிக்கலையே"ன்னார்.

வர்ற ஞாயிறு துரியோதனன் படுகளம். காலையிலேயே, நல்ல வெயில்ல. தரையில படுத்திருக்கிற துரியோதனனோட மண் உருவம் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரே சட்டத்துல வரணும்னா எதை எடுத்துட்டுப் போறது?

---

நட்டநடுப்புள்ளி

18-55. பதினெட்டுல வெச்சு எஃப் 8. பகல்ல அந்த கிட் லென்ஸ் தங்கம்.

---

இருட்டறை

ஏதாவது ஒரு மாடி வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். கீழே நின்றால் கால் பாதம் மட்டும்தான் பெரிதாகத் தெரியும். அங்கே புழுதி பறக்கும், நடுவில் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

---

அரிதாரம்

பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிர் வீட்டு மாடி. பாட்டிகிட்ட கேட்டாச்சு. ஏணி மட்டும்தான் இருக்கு, படிக்கட்டு இல்லையாம்.